அருவியைக் காட்டக் கூடாது

ஆறுமுகநயினார் கணக்கு ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். செங்கோட்டைக்காரர். எந்த விடையையும் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்துப் பள்ளியின் தமிழாசிரியை நஸீபா, வெள்ளிக்கிழமை ஏழாம் பீரியடைக் கணக்கு ஸ்பெஷல் கிளாசுக்கு எடுத்துவிட வேண்டாம் என்று கேட்கப் போனபோது, அவர் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

“டீச்சர், அந்தப் பீரியட்ல பதினொண்ணாங் கிளாஸ் புள்ளைங்க கவிதையை வீடியோவா எடுக்குது. சந்தோசம். ஆனா எடுத்தது சரியா தப்பான்னு எதை வச்சுச் சொல்லுதீங்க? கணக்குல விடை வந்தா திருப்பிப் போட்டுப் பாப்போம். இதுக்கு அப்படி ஒண்ணு உண்டா?”

நஸீபா யோசிக்காமல் சொல்லிவிட்டார். “உண்டு சார். கவிதையைப் படிக்காதவங்ககிட்ட வீடியோவை மட்டும் காட்டுவோம். அதைப் பாத்துட்டு கவிதை என்ன சொல்லுதுன்னு அவங்க சொல்லணும்.”

“சொல்லலைன்னா?”

“பீரியடை நீங்களே எடுத்துக்கிடுங்க.”

“அப்ப ஆகஸ்ட்ல வருத பெற்றோர் கூட்டத்துலயே வச்சிருவோம். ஒண்ணே ஒண்ணு. கவிதைக்கு என்ன பொருள்னு இப்பவே எழுதிக் கவர்ல போட்டுக் குடுத்திருங்க. பொறவு ஆளுக்கு ஒண்ணு சொல்லக் கூடாது பாருங்க.”

நஸீபா அங்கேயே, அவருடைய மேசை ஓரத்தில் நின்றபடி, ஒரு வெள்ளைத்தாளில் தான் தேர்ந்து வைத்திருந்த கவிதையையும், அதன் கீழே பொருளையும் எழுதினார்: ‘நிலையாமை. வருபவர் அனைவரும் போவர். எதுவும் எவரையும் நினைவில் வைத்திருப்பதில்லை.’ கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்த பிறகுதான், எதைப் பந்தயம் வைத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. இந்தப் பள்ளியில் ‘இது நான் செய்தது’ என்று அவர் சொல்லக்கூடியது அந்த ஒரு பீரியட்தான்.

இது அடக்கத்தால் சொல்வது அல்ல. முதல் இருபது வருடங்கள் நஸீபா எல்லாரையும் போலத்தான் பாடம் நடத்தினார். செய்யுளைப் படிப்பார், சொல்லுக்குச் சொல் பதவுரை சொல்வார், பொழிப்புரையை எழுதிப் போடுவார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அவருடைய பாடத்தில் தோற்றவர்கள் மிகக் குறைவு. அந்த இருபது வருடத்தை மட்டும் வைத்து அவரை நல்ல ஆசிரியை என்று சொல்ல முடியுமா என்றால், தயக்கமாகத்தான் இருக்கிறது. மதிப்பெண் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லலாம். கவிதைக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன உறவு என்ற கேள்வி அவருக்கே அப்போது எழவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு வந்த பிள்ளைகளால் நாற்பது நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரு பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஆளுக்கொரு போனில் வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போடத் தெரிந்திருந்தது. சரி, தெரிந்ததிலிருந்தே தொடங்குவோம் என்று ஒரு பெண் காத்திருப்பதைப் பற்றிய சின்னக் கவிதையைக் கொடுத்து வீடியோவாக எடுத்துவரச் சொன்னார். மாலை, பூ, கதவு, விளக்கு என்று நாலைந்து பொருள்கள் வரும் கவிதை. பதினோரு குழுக்களில் ஒன்பது குழு சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்குப் போய்விட்டது. சினிமாக்காரர்கள் கேமராவை வைத்த அதே வரப்பில் போனை வைத்து, ஒரு பையன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினான். ‘பூ’ என்று குரல் வந்தால் பூ. ‘கதவு’ என்று வந்தால் கதவு. ‘விளக்கு’ என்று வந்தபோது ஒரு குழு டியூப்லைட்டைக் காட்டியிருந்தது.

அன்று நஸீபா கத்திவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு நாக்கு நிற்காது; அது அவருடைய குறை. வீட்டுக்கு வந்து ஆறிய தேநீரைக் குடிக்கும்போதுதான், பிள்ளைகள் செய்தது என்ன என்று பிடிபட்டது. சொல்லுக்குச் சொல் படம் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பதவுரை. இருபது வருடமாக அவர் வகுப்பில் செய்ததையே அவர்கள் வீடியோவாக எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கரும்பலகையில் ஒரு விதியை எழுதினார். ‘கவிதையில் பெயர் சொல்லி வரும் எந்தப் பொருளும் படத்தில் வரக் கூடாது.’

அந்த விதி அவர் மூளையில் உதித்தது அல்ல. அவருடைய வாப்பாவிடமிருந்து, தந்தை முகம்மது மீரானிடமிருந்து வந்தது. வாப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

முகம்மது மீரான் தென்காசியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சவூதியிலோ துபாயிலோ இருந்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்காது, கேசட்தான் போகும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாரும் அந்த வீடியோக்களைக் கேட்டதில்லை. வராதவர்களுக்காகவே அவை எடுக்கப்பட்டன.

ஒரு வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: பெண்கள் யாரையும் எடுக்கக் கூடாது, மணப்பெண்ணையும் சேர்த்து. சவூதியில் தம்மாம் நகரில் இருந்த அண்ணனோ, ‘தங்கச்சி கல்யாணத்தை நான் பார்த்தே ஆகணும்’ என்று கடிதம் எழுதியிருந்தான். மீரான் கேமராவை எடுத்துக்கொண்டு போய், பெண்கள் பக்கத்து வாசலில் கூடிக்கொண்டே போகும் செருப்புகளை எடுத்தார். மருதாணிக் கிண்ணத்தில் மீந்திருந்த விழுதையும் அதன் விளிம்பில் பதிந்த விரல் அடையாளத்தையும் எடுத்தார். பாதி சாப்பிட்ட தட்டு. கொல்லைப்புறத்தில் செயின் கழன்று சாய்ந்து கிடந்த ஒரு லேடீஸ் சைக்கிள்.

பதிமூன்று வயது நஸீபா ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பொண்ணு எங்க வாப்பா?”

“நமக்குத் தெரியாது. அவன் கண்டுபிடிச்சிருவான்.”

இரண்டு மாதம் கழித்துத் தம்மாமிலிருந்து கடிதம் வந்தது. தங்கச்சியை நன்றாகப் பார்த்துவிட்டேன், அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டிருந்தான்: ‘செயின் கழன்றால் அவள் மாட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். அன்றைக்கு ஏன் அப்படியே கிடக்கிறது? ரொம்ப அழுதாளா?’

மீரான் அந்தக் கடிதத்தை ஸ்டுடியோச் சுவரில் ஒட்டி வைத்தார். அவர் வாங்கிய ஒரே விருது அது. முப்பது வருடம் கழித்து அவர் மகள் அதைக் கரும்பலகையில் விதியாக எழுதினாள்.

விதியைப் படித்ததும் முதலில் வாயைத் திறந்தவன் புவனேஷ். எதற்கும் முதலில் வாயைத் திறப்பவன் அவன்தான்.

“அப்ப என்னத்த டீச்சர் எடுக்க? செவுத்தையா?”

“கவிதையில செவுரு இல்லைன்னா தாராளமா எடுலே.”

பெற்றோர்கள் தரப்பிலும் ஒரு நிபந்தனை இருந்தது. பெண்பிள்ளைகள் முகம் எந்த வீடியோவிலும் வரக் கூடாது. நஸீபா வீடு வீடாகப் போய் வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்குள் போன் கிடையாது. விடுமுறை நாளில் குழுவுக்கு ஒரு போனில் எடுக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் அவர் கணவர் சேக் மைதீன், போனை நிறுத்தும் ஸ்டாண்ட் இரண்டைக் கடனாகக் கொடுத்தார். “ஒடைச்சிட்டு வந்தா ஒன் வீட்டுக்காரன்ட்ட நீதான் பதில் சொல்லணும்” என்பதோடு சரி.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பெரும்பாலான வீடியோக்கள் சுமார். சில மோசம். அபூர்வமாக ஒன்று, பார்த்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் அவர் அந்தப் பீரியடை விடவில்லை.

இந்த வருடம் தலைமையாசிரியரின் சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது, பழைய கல்லூரி மலர் ஒன்றில் பெயர் போடாமல் வந்திருந்த ஐந்து வரிகள்.

விழுந்துகொண்டே இருக்கிறது அருவி.
வருகிறார்கள், நனைகிறார்கள்,
போய்விடுகிறார்கள்.
நனைந்தே கிடக்கும் பாறைக்கு
ஒருவர் முகமும் நினைவில்லை.

“அருவி, பாறை, முகம். மூணும் வரக் கூடாது” என்றார்.

வகுப்பு சிரித்தது. “டீச்சர், குத்தாலத்துல இருந்துக்கிட்டு அருவியைக் காட்டாம அருவி வீடியோவா?” என்றான் புவனேஷ். “வெளியூர்க்காரன் கேட்டா காறித் துப்புவான்.”

“வெளியூர்க்காரன் அருவியைப் பாக்கத்தான் வாரான். நீ தெனம் பாக்குதவன். வேற எதையாவது பாத்திருப்பேல்லா?”

அஃப்ஷான் கையைத் தூக்கினாள். அந்த வகுப்பில் எடிட்டிங் தெரிந்தவள் அவள். “சத்தம் மட்டும் வரலாமா டீச்சர்?”

நஸீபா சற்று யோசித்தார். “காதுக்குக் காட்டுனாலும் காட்டுனதுதான். வேண்டாம்.”

“ஏட்டி, ஒன் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா” என்று புவனேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

சோதனைக்குரிய வீடியோவை எடுக்கும் பொறுப்பு இவர்கள் இருவரோடு சத்யபிரியாவுக்கும் போனது. சத்யபிரியா கேட்டாலொழியப் பேசமாட்டாள். புவனேஷ் முதலில் குளியலறைக் குழாயை எடுத்து வந்தான். “இது அருவிக்கு மாறுவேசம் போட்ட மாதிரி இருக்கு” என்று நஸீபா தள்ளிவிட்டார். பிறகு பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் ஏறி இறங்குவதை எடுத்தார்கள். அதில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் சத்யபிரியா சொன்னாள்: “எங்கம்மா கடையில எடுப்போமா?”

அவள் அம்மா முப்பிடாதியம்மாள், அருவிக்குப் போகும் பாதையில், குளிக்க வருகிறவர்களின் பைகளையும் துணிகளையும் வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கடை வைத்திருந்தார். ஒரு பலகையில் வரிசையாக நாற்பது ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய தகர டோக்கன். பையைக் கொடுத்தால் டோக்கன் கிடைக்கும். ஈரத்தோடு வந்து டோக்கனைக் கொடுத்தால் பை கிடைக்கும். கடை பாதையைப் பார்த்து இருப்பதால் அவருடைய ஸ்டூல் அருவிக்கு முதுகைக் காட்டித்தான் கிடக்கும். சீசன் முழுவதும் அருவிக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் அதைப் பார்ப்பதில்லை. குளிக்க நேரமும் இருப்பதில்லை.

“எடுத்துக்கிடுங்க. யாவாரத்துக்கு எடஞ்சலா நிக்கப்பிடாது” என்று மட்டும் சொன்னார். எதற்கு எடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது சோதனையின் விதி.

நல்ல சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, வெட்டி, மறுவாரம் நஸீபாவிடம் காட்டினார்கள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஒலி எதுவும் இல்லை.

காய்ந்த பலகை. டோக்கன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு கை ஒவ்வொன்றாக எடுக்கிறது, ஆணிகள் வெறுமையாகின்றன. அலமாரித் தட்டில் பைகள் நிறைகின்றன. சக்கரம் வைத்த பெரிய பெட்டி, அதை ஒட்டி ஒரு மஞ்சப்பை, அதை ஒட்டி உரச்சாக்கில் தைத்த பை. பிறகு ஈரக் கைகள் நீளுகின்றன. டோக்கன்கள் நனைந்து திரும்பி வருகின்றன. ஒவ்வோர் ஆணியிலிருந்தும் நீர் சொட்டிப் பலகையில் கறுப்பாகக் கோடு இறங்குகிறது. தட்டில் பைகள் குறைந்து வெறுமையாகிறது. கடைசியில் ஒரு பெண்ணின் விரல்கள். நாளெல்லாம் அடுத்தவர்கள் கொண்டுவந்த ஈரத்தில் ஊறி, வெளுத்து, சுருங்கிப்போன விரல்கள். அவை ஒரு டோக்கனை அதன் ஆணியில் மாட்டுகின்றன. முடிந்தது.

நஸீபாவுக்கு அந்த விரல்களைத் திரும்பவும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் இது நிலையாமை இல்லை. வருகிறார்கள், போகிறார்கள், சரி. ஆனால் பார்த்து முடித்ததும் மனதில் நிற்பது போனவர்கள் இல்லை. கவருக்குள் ஒன்று இருக்கிறது. இங்கே வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

கவரில் எழுதியது நிலையாமை என்று அவர் முனகியதைக் கேட்டு அஃப்ஷான் புரிந்துகொண்டாள். “டீச்சர், கடை பூட்டிக் கெடக்குத மாதிரி ஒரு ஷாட் கடைசியில சேத்துருவோமா? நிலையாமை வந்துரும்.”

சத்யபிரியா மெதுவாகச் சொன்னாள். “எங்கம்மா கடையைப் பூட்டுனதே இல்ல டீச்சர். சீசன் இல்லைன்னா அங்கனயே எண்ணெய் விப்பாங்க.”

ஒரே ஒரு ஷாட். ஐந்து விநாடி. பீரியட் பிழைத்துக்கொள்ளும். நஸீபா அதை விரும்பவில்லை என்று சொன்னால் பொய். ஆனால், கவருக்குள் இருக்கும் விடைக்குத் தோதாக ஒரு பிள்ளை கண்ணால் பார்த்ததை மாற்றச் சொன்னால், திரும்பவும் பதவுரைக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

“வேண்டாம். விரல் வருத எடத்துல மட்டும் ரெண்டு செகண்ட் கூட்டு” என்றார்.

அன்று வீட்டில் சேக் மைதீன் கேட்டார். “தோத்துட்டா என்ன செய்வே?”

“பீரியட் போவும்.”

“தெரிஞ்சேவா போற?”

“எங்க வாப்பா அந்தச் சைக்கிளை எடுக்கும்போது செயினை மாட்டி வச்சிட்டா எடுத்தாங்க?” என்றார் நஸீபா. சேக் மைதீன் ஸ்டாண்டைத் துடைத்து வைத்தார்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பள்ளி ஹாலில் அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். தலைமையாசிரியர் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, புரொஜெக்டரைப் போடச் சொன்னார். “புள்ளைங்க ஒரு கவிதையைப் படிச்சிட்டு இதை எடுத்திருக்கு. கவிதையை இப்பச் சொல்ல மாட்டோம். பாத்துட்டு நீங்க சொல்லுங்க, அது என்ன சொல்லுதுன்னு.”

படம் ஓடி முடிந்தது. முதலில் எழுந்தவர் ஆட்டோ ஓட்டும் மணிமுத்து. “சார், ஒடமையைப் பத்திரமா பாத்துக்கிடணும்னு போலீஸ்காரங்க காட்டுவாங்கல்லா, அந்த மாதிரி இருக்கு.”

“சீசன்ல எடுத்ததுதான். ஈரத்தோட நின்னா சளி பிடிக்கும்னு சொல்லுதாங்க” என்றார் சைதூன் பீவி.

“கடைக்கு விளம்பரம்ணே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹால் சிரித்தது. புவனேஷ் காதைப் பொத்திக்கொண்டான்.

நான்காவது வரிசையில் முப்பிடாதியம்மாள் இருந்தார். அவர் சிரிக்கவில்லை; காலியாகிவிட்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது நம்ம கடைதான் சார்” என்றார் எழுந்து. “பெருந்தண்ணி விழுந்த அன்னிக்கு எடுத்திருக்குங்க.”

தலைமையாசிரியர் நிமிர்ந்தார். “சத்தமே இல்லையேம்மா. பெருந்தண்ணின்னு எப்படிச் சொல்லுதிய?”

“டோக்கன்ல சொட்டுத பாத்தியளா? கொஞ்சத் தண்ணின்னா தொடச்சிட்டுத்தான் குடுப்பாங்க. பெருந்தண்ணியில நின்னுட்டு வாரவனுக்குத் தொடைக்கத் தோணாது. கை நடுங்கும், மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்கும்.” திரையைக் கையால் காட்டினார். “அருவி கேக்குதுல்லா சார் அதுல.”

அஃப்ஷான் நஸீபாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒலியை ஒரு பொட்டு விடாமல் நீக்கியவள் அவள்.

“ஒங்களுக்குக் கவிதையை யாராவது வாசிச்சுக் காட்டுனாங்களா?” என்றார் தலைமையாசிரியர்.

“இல்ல சார். எனக்கு நம்பரு மட்டுந்தான் வாசிக்கத் தெரியும்.”

“சரி. கவிதை என்ன சொல்லுதுன்னு நெனைக்கிய?”

“நம்ம கடையைப் பத்தி எவன் சார் கவிதை எழுதப் போறான்? வேற எதையோ பத்தி எழுதியிருப்பான். ஆனா இதைப் பாத்தா, ஆள் பாக்காதன்னு சொல்லுத மாதிரி இருக்கு. எங்கிட்ட வந்துபோன ஆளுல ஒரு மூஞ்சி கூட எனக்கு ஞாவகம் கெடையாது. நம்பருதான். கார்ல வந்தவனுக்கும் ஒரு ஆணி, பஸ்ல தொங்கிக்கிட்டு வந்தவனுக்கும் ஒரு ஆணி. மூஞ்சியைப் பாக்க ஆரம்பிச்சா பெரிய ஆளு பைய மேல வைக்கத் தோணும். பொறவு நான் பாக்குதது வேலையா சார்?”

தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து, கிழித்து, சத்தமாகப் படித்தார். ‘நிலையாமை. வருபவர் அனைவரும் போவர்...’ படித்துவிட்டு நஸீபாவைப் பார்த்தார். “இது அது இல்லையே டீச்சர்.”

நஸீபா எழுந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டு எதையாவது சொல்லியிருக்கலாம். தமிழாசிரியைக்கு அது பெரிய வித்தை அல்ல. “இல்ல சார்” என்றார். “நான் எழுதுனது வேற. அவங்க சொல்லுதது வேற.”

“அப்ப...”

“சார்!” புவனேஷ் எழுந்து நின்றான். “இருபடிச் சமன்பாட்டுக்கு ரெண்டு விடை வரும்லா சார்?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. கணக்கை அவர் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளமாட்டார்.

“வரும்லே. ஆனா வந்த ரெண்டையும் சமன்பாட்டுல போட்டுப் பாக்கணும். பொருந்துனாத்தான் விடை. போட்டுப் பாப்போமா?” சாக்பீசை எடுத்து, தாளில் இருந்த கவிதையைக் கரும்பலகையில் எழுதி, கணக்குப் போலவே வரி வரியாக வாசித்தார். “‘விழுந்துகொண்டே இருக்கிறது அருவி.’ ஆள் பாக்காததுக்கு இதுல என்னம்மா இருக்கு?”

“அது ஆள் பாத்தா விழுது? எல்லார் தலையிலயுந்தான் விழுது.”

“‘வருகிறார்கள், நனைகிறார்கள், போய்விடுகிறார்கள்.’”

“வந்தவன் போவணும்லா சார். அங்கனயே நின்னுக்கிட்டா அடுத்தவன் எப்படிக் குளிப்பான்?”

மணிமுத்து சத்தமாகத் தொடையில் தட்டினார்.

“‘நனைந்தே கிடக்கும் பாறைக்கு ஒருவர் முகமும் நினைவில்லை.’”

முப்பிடாதியம்மாள் முகம் என்ற சொல்லைக் கேட்டதும் சற்றுத் திகைத்து மகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “பாறை மறந்துபோச்சுன்னா எழுதியிருக்கான்? இல்ல சார். அது வேலையில இருக்கு.”

தலைமையாசிரியர் சாக்பீசை நஸீபாவிடம் நீட்டினார். “ஒங்க விடையையும் போடுங்க டீச்சர்.”

நஸீபா போட்டுப் பார்த்தார். முதல் மூன்று வரிக்கு நிலையாமை அழகாகப் பொருந்தியது. நான்காவது வரியில் அவர் நின்றார். எல்லாம் போய்விடும் என்று சொல்லும் கவிதையில், போகாமல் ஒன்று நனைந்தே கிடக்கிறது. எத்தனையோ தடவை வாசித்த வரி. அதை அவர் கண் தாண்டிப் போயிருக்கிறது. பாறையைப் பார்த்ததும் கல் மனசு, மறதி என்று பழகிய பொருளுக்கு அவர் போய்விட்டார். சத்யபிரியா அப்படிப் போகவில்லை. பாறையைக் காட்டக் கூடாது என்றதும், எப்போதும் நனைந்தே இருப்பது எது என்று தேடிக்கொண்டு தன் அம்மாவின் விரல்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

“எனக்கு நாலாவது வரி இடிக்குது சார். அவங்களுக்கு இடிக்கல” என்றார். இருபத்து மூன்று வருடத்தில், பொருள் சொன்ன இடத்தில் தான் தவறியதை அவர் இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. அவருக்கு வெட்கமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். தம்மாமிலிருந்து வந்த கடிதத்தைச் சுவரில் ஒட்டும்போது வாப்பாவின் முதுகு எப்படி நிமிர்ந்திருந்தது என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. தனக்குத் தெரியாத ஒன்றைத் தான் எடுத்த படத்தில் இன்னொருவர் கண்டுபிடித்துச் சொன்ன நிமிர்வு அது.

ஆறுமுகநயினார் கரும்பலகையில் நாலாவது வரியைத் திரும்பவும் வாசித்துப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தூளைத் தட்டினார்.

“கொள்ளாம்” என்றார்.

செங்கோட்டைப் பக்கத்துச் சொல். நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவாயில்லை என்பதற்கும் நடுவில் எங்கோ இருப்பது. அந்தப் பள்ளியில் அதை அவர் வாயால் கேட்டவர்கள் அதிகம் இல்லை. “வெள்ளிக்கிழமை ஏழாம் பீரியட் அப்படியே இருக்கட்டும். ஸ்பெஷல் கிளாசுக்கு நான் காலையில ஒரு மணி நேரம் முன்னால வந்திருதேன்.”

“காலையிலயா!” என்று முனகிய புவனேஷை அஃப்ஷான் முழங்கையால் இடித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு முப்பிடாதியம்மாள் நஸீபாவிடம் வந்தார். சீசன் நேரம், கடையில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு வந்த அவசரம். “டீச்சர், எம்புள்ள வீட்டுல வாயே தொறக்க மாட்டா. இங்கனயாவது பேசுதாளா?”

“பேசுதா” என்றார் நஸீபா. “இப்பத் திரையில பேசுனது அவதான்.”

முப்பிடாதியம்மாள் தலையாட்டிவிட்டு, மகளின் பின்னலை ஒரு தடவை இழுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார்.

காலி ஹாலில் நஸீபா தன் பாடக் குறிப்பு நோட்டை எடுத்தார். ‘நிலையாமை’ என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. பழைய நூல்களில் ஒரே செய்யுளுக்கு இரண்டு உரைகாரர்கள் இரண்டு விதமாக உரை சொல்லியிருந்தால், இரண்டையும் பெயரோடு கொடுப்பது வழக்கம். அவரும் அப்படியே செய்தார். அடுத்த வருடம் இந்தக் கவிதையை எடுக்கும்போது மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொட்டை எழுத்தில், கீழே எழுதினார்:

‘முப்பிடாதியம்மாள் உரை: பாறை வேலையில் இருக்கிறது.’